கலாவதி பேசியது

ஜூலை மாதத்தில் ஒரு மத்தியானம், கிருஷ்ணராசா ஒரு சப்பாத்துப் பெட்டியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நூலகத்துக்கு வந்தார். பெட்டி நிறைய சீடிக்கள் இருந்தன. தோர்ண்டன் ஹீத்தில் ஒரு பலசரக்குக் கடையின் மேல்மாடியில் அவர் சின்னதாக ஒரு தமிழ் வானொலி நடத்திவந்தார். 2009ஆம் ஆண்டு தொடங்கியதிலிருந்து போர் முடிந்த நாள்வரை வன்னியிலிருந்து அந்த வானொலிக்கு வந்த தொலைபேசி அழைப்புகளையெல்லாம் அவர் பதிந்து வைத்திருந்தார். செய்மதி வழியே பேசும் சற்லைற் போன் வைத்திருந்தவர்களிடம் வரிசையில் நின்று இரண்டொரு நிமிடம் பேச இடம் பிடித்த சனம், சொந்தக்காரர் எடுக்காவிட்டால் வானொலியின் இலக்கத்தை அழுத்தும். அந்த இலக்கம் எப்படியோ அங்கே எல்லோருக்கும் பாடமாகியிருந்தது.

பெட்டியை வாங்கியவள் ஜெயகௌரி. தென் லண்டனில் இருந்த அந்தக் கவுன்சில் நூலகத்தின் உள்ளூர் வரலாற்றுப் பிரிவில் அவள் நெடுங்காலமாக வேலை செய்தாள். பழைய ட்ராம் வண்டிகளின் படங்கள், தேவாலயங்களின் பதிவேடுகள், ஜமெய்க்காவிலிருந்து வந்து குடியேறியவர்களின் பேச்சுகள் எல்லாம் அந்தப் பிரிவில் இருந்தன. தமிழர்களைப் பற்றி ஒன்றுமே இல்லை. அந்தக் குறை அவளுக்கு வருடக்கணக்காக இருந்தது. வசந்த காலம் முழுக்க வேலை முடிந்ததும் ரயில் ஏறி, பாராளுமன்றச் சதுக்கத்தில் போரை நிறுத்தச் சொல்லிக் கூட்டத்தோடு நின்று கத்திவிட்டு வீடு திரும்பினாள். வைகாசியில் எல்லாம் முடிந்தபின் கத்துவதற்கும் ஒன்றும் இருக்கவில்லை. சப்பாத்துப் பெட்டியைக் கண்டதும், தன் கையால் செய்யக்கூடிய வேலை ஒன்று வந்துவிட்டது என்று அவளுக்குத் தோன்றியது.

"இது முழுக்க எங்கடை சனத்தின்ரை குரல், தங்கச்சி," என்றார் கிருஷ்ணராசா. "அங்கை ஒரு பத்திரிகைக்காரனையும் விடேல்லை. நாளைக்கு ஒண்டும் நடக்கேல்லை எண்டு சொல்லுவாங்கள். ஆர் வந்தாலும் கேக்கக்கூடிய மாதிரி வையுங்கோ."

"பதியிறீங்கள் எண்டு கதைச்ச ஆக்களுக்குத் தெரியுமோ அண்ணை?"

"ஷெல் விழேக்கை ஆரிட்டை என்னத்தைக் கேக்கிறது?"

உண்மையைச் சொன்னால், மேலே ஒரு கேள்வி கேட்டு அந்தப் பெட்டியை இழந்துவிட அவளுக்கு விருப்பம் இல்லை.

பிரிவின் பொறுப்பாளர் ஹெலன் விஷயத்தைத் தெளிவாகவே சொன்னாள். பதிவுக்கு உரிமை பதிந்தவருக்கு. ஆனால் அதில் உள்ள பேச்சுக்கு உரிமை பேசியவருக்கு. கிருஷ்ணராசா முதலாவதைத்தான் நூலகத்துக்குத் தரலாம். மற்றது அவருடையதே அல்ல. பேசிய ஒவ்வொருவரையும் தேடிப்பிடித்துக் கேட்க வேண்டும். இறந்தவர்கள் என்றால் அவர்களுடைய வாரிசுகளைக் கேட்க வேண்டும். கேட்டு முடியும்வரை ஒன்றையும் வெளியே விடக்கூடாது.

"பாதிப் பேர் எங்கே இருக்கிறார்கள் என்றே தெரியாது, ஹெலன்."

"தெரியும் ஜெயா. அதனால்தான் அவசரப்படக்கூடாது என்கிறேன்."

அக்டோபரில் ஒரு கண்காட்சிக்குத் திட்டம் போட்டார்கள். அதற்கென்று நூலகத்தின் இணையத்தளத்தில் ஒரு பக்கம் தயாரானது. பதிவுகளைக் கணினிக்கு மாற்றும் வேலை ஓவன் என்ற ஒலித் தொழில்நுட்பக்காரனுக்குப் போனது. அவனுக்குத் தமிழில் ஒரு சொல்லும் தெரியாது. ஒவ்வொன்றையும் கேட்டு, யார் பேசுகிறார்கள், எங்கிருந்து, லண்டனில் அவர்களுக்கு யார் உறவு என்று குறிப்பது ஜெயகௌரியின் வேலை. ஒரு நாளில் ஒன்றுக்குமேல் அவளால் கேட்க முடியவில்லை. ஒன்றைக் கேட்டு முடித்துவிட்டுக் கழிவறைக்குப் போய் முகத்தைக் கழுவுவாள். பிறகு கவுண்டருக்கு வந்து, தன் தாத்தாவின் வீடு எந்தத் தெருவில் இருந்தது என்று கேட்கும் கிழவருக்கு வரைபடம் எடுத்துக் கொடுப்பாள்.

செப்டம்பர் நடுவில் கலாவதியின் முறை வந்தது.

"அண்ணை, நான் கலாவதி. தோர்ண்டன் ஹீத்திலை இருக்கிற குகதாசன்ரை மனுசி. அவரின்ரை போன் அடிக்குது, எடுக்கிறாரில்லை. வேலையிலை நிப்பார் போலை."

சொல்லுங்கோ தங்கச்சி என்றது கிருஷ்ணராசாவின் குரல். கொஞ்ச நேரம் இரைச்சல் மட்டும் கேட்டது.

"பிள்ளை முடிஞ்சுது அண்ணை, ஷெல் விழுந்து. கஞ்சிக்கு நிண்ட இடத்திலை. முந்தநாள்."

அதற்குப் பிறகு அவள் நிறுத்தவே இல்லை. ஆரணிக்கு ஆறு வயது. முன்பல்லு இரண்டு விழுந்துவிட்டது, அதை அப்பாவுக்குச் சொல்லக் கூடாது, அவர் நேரில் வந்து பார்த்துச் சிரிக்கட்டும் என்றவள். பங்கர்க் குழிக்குள் மண் கொட்டினால் தலையில் சட்டியைக் கவிழ்த்துக்கொண்டு மற்றப் பிள்ளைகளைச் சிரிக்க வைப்பவள். கஞ்சிக்குத் தான்தான் போவேன் என்று அடம்பிடித்துச் சட்டியைப் பறித்துக்கொண்டு ஓடியவள். போகவிட்டது நான்தான் அண்ணை, நான்தான் என்று அவள் திரும்பத் திரும்பச் சொன்னாள். பக்கத்தில் யாரோ, போதும், மற்ற ஆக்கள் நிற்கினம் என்று சத்தம் போட்டார்கள். கலாவதியின் குரல் சட்டென்று தணிந்தது.

"அவரிட்டைச் சொல்லிப்போடாதேங்கோ அண்ணை. தனிய இருக்கிற மனுசன். நான் வந்து என்ரை வாயாலை சொல்லுறன்."

அதோடு லைன் அறுந்தது. ஏப்ரல் கடைசியில் வந்த அழைப்பு அது. அதற்குப் பிறகு அவளிடமிருந்து எதுவும் வரவில்லை.

அன்றைக்கு ஜெயகௌரி அரை நாள் லீவு எடுத்துக்கொண்டு தோர்ண்டன் ஹீத்துக்குப் போனாள். கிருஷ்ணராசா மேல்மாடியில் தேத்தண்ணீரோடு உட்கார்ந்திருந்தார். கலாவதி என்ற பெயரைச் சொன்னதும் கோப்பையைக் கீழே வைத்தார்.

"குகதாசனைத் தெரியுமோ அண்ணை?"

"தெரியாமல் என்ன? வீடுகளுக்கு ஜன்னல் பொருத்துற பெடியன். பாரிசிலை இருந்து வந்து மூண்டு வருசமாகுது. ஒவ்வொரு சனிக்கிழமையும் கீழை சாமான் வாங்க வருவான். அவன் வந்தால் நான் கீழை இறங்கிறேல்லை."

"சொல்லேல்லையோ?"

"அவ சொல்ல வேண்டாம் எண்டவ. அந்த நேரத்திலை ஒருத்தி கேட்ட ஒரே உதவி. நான் எப்பிடிச் சொல்லுறது?"

"அவருக்குச் சொல்லக்கூடாது. ஆனால் ஊர் உலகம் கேக்கட்டும் எண்டு நூலகத்துக்குக் குடுக்கலாமோ?"

கிருஷ்ணராசா கோபப்படுவார் என்று அவள் எதிர்பார்த்தாள். அவர் கோபப்படவில்லை. அந்தச் சீடிக்களை ஒருநாள்கூடத் திருப்பிப் போட்டுக் கேட்கத் தன்னால் முடியவில்லை என்றார். எதில் யார் இருக்கிறார்கள் என்று பார்க்காமலே பெட்டியில் போட்டுக் கட்டிவிட்டாராம்.

"ஆனால் ஒண்டு சொல்லுறன் தங்கச்சி. இப்பிடி ஒவ்வொருத்தரா இது வேண்டாம், அது வேண்டாம் எண்டு எடுத்தால், கடைசியிலை உங்களிட்டை ஒண்டும் மிஞ்சாது. அங்கை கொலை செய்தவனுக்கு அதுதான் வேணும்."

அந்தச் சொல் அவள் கூடவே வந்தது. அது பொய் என்று அவளால் சொல்ல முடியவில்லை.

ஹெலனிடம் எல்லாவற்றையும் சொன்னாள். ஹெலன் உரிமை விதிகளை எடுத்துப் பார்த்துச் சொன்னாள். கலாவதி உயிரோடு இல்லையென்றால் அந்தப் பேச்சுக்கு உரியவர் கணவன். அவர் கேட்டால் மறுக்க முடியாது. உயிரோடு இருந்தால், கணவனாக இருந்தாலும் அவள் சம்மதம் இல்லாமல் கொடுக்க முடியாது. அவள் சொல்லிவைத்ததும் அதுதானே.

"ஆக, அவள் இருக்கிறாளா இல்லையா என்பது தெரியவேண்டும்," என்றாள் ஹெலன்.

"அதுதான் அவருக்கும் தெரியாமல் இருக்கிறது."

அதுவரை பூட்டி வைப்பது என்று முடிவானது. ஜெயகௌரி தன் கையாலேயே அந்தக் கோப்பைப் பூட்டினாள். ஆனால் ஓவனிடம் வேறொரு பிரதி இருந்தது என்பது அவளுக்குத் தெரியாது. இணையப் பக்கத்தைச் சரிபார்க்க ஒரு மாதிரி ஒலி தேவைப்பட்டபோது, இரைச்சலும் வெடிச்சத்தமும் இல்லாத, தெளிவான ஒரு துண்டைத் தேடி எடுத்து அவன் பக்கத்தில் போட்டிருந்தான். கீழே தேதியையும் எழுதியிருந்தான். கண்காட்சி நெருங்கியபோது யாரோ அந்தப் பக்கத்தை அப்படியே வெளியே திறந்துவிட்டார்கள். நூலகத்தில் அதைக் கேட்டு விளங்கக்கூடிய ஒரே ஆள் ஜெயகௌரி. பக்கம் திறந்ததே அவளுக்குத் தெரியாது.

குகதாசன் வந்த அன்று மழை. நனைந்த வேலை உடுப்போடு, முழங்காலில் வெள்ளைப் பசை காய்ந்திருக்க, கவுண்டருக்கு முன்னால் வந்து நின்றான். முப்பத்தைந்து வயது இருக்கும். முகம் முழுக்கச் சிரிப்பு.

"அக்கா, இஞ்சை ஒரு தமிழ் ஆள் வேலை செய்யிறதெண்டு சொல்லிச்சினம். நீங்கள்தானோ?"

"ஓம், சொல்லுங்கோ."

"என்ரை மனுசியின்ரை குரல் உங்கடை இணையத்திலை இருக்கு அக்கா. வேலையிலை கூட நிக்கிற பெடியன்தான் போட்டுக் காட்டினவன். நான் குகதாசன். அவ கலாவதி. பிள்ளைக்குப் பல்லு விழுந்திட்டுது எண்டு கதைக்கிறா. ஏப்ரல் கடைசி எண்டு தேதி போட்டிருக்கு. என்னோடை கடைசியாக் கதைச்சது மாசியிலை. அப்ப ஏப்ரல் மட்டும் ரெண்டு பேரும் இருந்திருக்கினம். என்ன அக்கா? இருந்திருக்கினம்தானே?"

ஜெயகௌரி அவனைப் பின்னால் இருந்த சின்ன அறைக்குக் கூட்டிப்போய் உட்காரவைத்தாள். ஓவன் வெட்டி எடுத்த துண்டு எது என்று அவளுக்கு விளங்கிவிட்டது. இரண்டு பல்லு விழுந்த கதை மட்டும். முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

"மிச்சத்தையும் போடுங்கோ அக்கா. எங்கை நிக்கிறம், ஆரோடை நிக்கிறம் எண்டு சொல்லியிருப்பா. நான் செஞ்சிலுவைக்குக் குடுக்கிறன்."

"தம்பி, அதைப் போட எனக்கு அனுமதி இல்லை."

"என்ரை மனுசி கதைச்சதைக் கேக்க எனக்கு இல்லாத உரிமை வேறை ஆருக்கு இருக்கு?"

"அது அவவின்ரை பேச்சு. அவவைக் கேக்காமல் வெளியிலை வந்ததே பிழை. எங்கடை பிழை. அவ..." அவள் நிறுத்தினாள். எங்கேயாவது ஒரு பொய் கிடைக்குமா என்று தேடினாள். அவன் கண்ணுக்கு முன்னால் ஒன்றும் வரவில்லை. "அவ உங்களிட்டைச் சொல்ல வேண்டாம் எண்டு கேட்டவ. தான் வந்து சொல்லுறன் எண்டவ."

"என்னத்தை?"

குகதாசனின் சிரிப்பு உடனே போய்விடவில்லை. அது கொஞ்ச நேரம் போகத் தெரியாமல் முகத்திலேயே நின்றது. பிறகு அவன் தன் கைகளைப் பார்த்தான்.

"அவ உயிரோடை இருக்கிறாவோ அக்கா?"

"எனக்குத் தெரியாது தம்பி. சத்தியமாத் தெரியாது."

அவன் தலையை மெல்ல ஆட்டினான். "அப்ப மற்றது தெரியும்."

வெளியே கவுண்டரில் யாரோ மணியை அடித்தார்கள். அவள் எழவில்லை. அவன் அழுதானா என்று பிறகு ஹெலன் கேட்டபோது, இல்லை என்றுதான் சொல்ல முடிந்தது. காய்ந்த பசையை முழங்காலிலிருந்து நகத்தால் சுரண்டிக்கொண்டே இருந்தான். சுரண்டிய துகளை உள்ளங்கையில் சேர்த்து, எங்கே போடுவதென்று தெரியாமல் சட்டைப் பைக்குள் போட்டான்.

"போடாதேங்கோ அக்கா," என்றான் எழும்பும்போது. "அவ வந்து சொல்லட்டும்."

அன்று பின்னேரமே அந்தப் பக்கம் மூடப்பட்டது. ஹெலன் குகதாசன் குடியிருந்த அறைக்குத் தேடிப்போய் மன்னிப்புக் கேட்டாள். ஓவன் நூலகத்தின் பின்வாசலில் நின்று, தான் என்ன செய்தேன் என்று இரண்டு தரம் கேட்டு அறிந்துகொண்டு, அங்கேயே உட்கார்ந்துவிட்டான். கண்காட்சி நின்றது. பக்கத்தை மூடும் முன்னரே யாரோ அந்தத் துண்டை எடுத்து, வயலின் இசையும் மெழுகுதிரிப் படமும் சேர்த்து வேறோர் இணையத்தளத்தில் ஏற்றியிருந்தார்கள். ஜெயகௌரி அவர்களுக்கு எழுதினாள். பதில் வரவில்லை. இரண்டாம் தரம் எழுதியபோது, இது இனத்தின் சொத்து என்று ஒரு வரி வந்தது.

போர் முடிந்ததும் சனத்தை அடைத்துவைத்த முகாம்களிலிருந்து மார்கழியில் அவர்களை வெளியே விடத் தொடங்கினார்கள். ஒரு வெள்ளிக்கிழமை குகதாசன் தொலைபேசியில் கூப்பிட்டான். கலாவதி இருக்கிறாள். காலில் காயம். வவுனியா ஆஸ்பத்திரியில் தகப்பன் பெயரில் பதிந்திருந்ததால் இத்தனை நாளும் பிடிபடவில்லை. இப்போது வவுனியாவிலேயே பெரியம்மா வீட்டில் இருக்கிறாள். இதையெல்லாம் அவன் ஒரே மூச்சில் சொன்னான்.

"கதைச்சனீங்களோ?"

"கதைச்சனான்."

"சொன்னவவோ?"

"சொன்னவ," என்றான். உடனே கலாவதியின் இலக்கத்தைக் கொடுத்தான்.

கலாவதியோடு பேச ஜெயகௌரிக்குத் தைரியம் வர ஒரு கிழமை எடுத்தது. பேசும்போது ஹெலன் பக்கத்தில் இருந்தாள். தான் யார், எங்கிருந்து பேசுகிறேன், பதிவு எப்படி நூலகத்துக்கு வந்தது, எப்படி ஒரு துண்டு வெளியே போனது என்று ஜெயகௌரி ஒளிக்காமல் சொன்னாள். மறுமுனையில் ஒரு சேவல் கூவிக்கொண்டிருந்தது.

"நான் கதைச்சது அந்த அண்ணையோடை," என்றாள் கலாவதி. "மெசினோடை இல்லை. ஆரைக் கேட்டுப் பதிஞ்சவர்?"

"கேக்கேல்லை. அது பிழைதான்."

"எத்தினை பேர் கேட்டவை?"

"முழுக்கக் கேட்டது அந்த அண்ணையும் நானும் மட்டும். அந்தத் துண்டைக் கேட்டது எத்தினை பேர் எண்டு தெரியாது."

"அழியுங்கோ."

"உங்கடை பேர் இல்லாமல், முப்பது வருசம், நாப்பது வருசம் ஒருத்தரும் கேக்காத மாதிரிப் பூட்டி வைக்கலாம், கலாவதி. நடந்ததுக்கு அதுவும் ஒரு சாட்சி."

"நான் செத்தாப் பிறகு அது ஆருக்குப் போகும்?"

ஜெயகௌரி ஹெலனைப் பார்த்தாள். பிறகு உண்மையைச் சொன்னாள். "உங்கடை மனுசனுக்கு."

"அப்ப அழியுங்கோ அக்கா. நான் அண்டைக்கு அழுததை அவர் கேக்கக்கூடாது. பிள்ளையைக் கஞ்சிக்கு விட்டது நான் எண்டு அதிலை சொன்னனான். என்ரை வாயாலை நான் அவருக்குச் சொல்ல வேண்டியதைச் சொல்லிப்போட்டன். மிச்சம் என்னோடை."

நூலகத்துக்கு வந்த ஒன்றை அழிப்பது லேசான காரியம் அல்ல. ஹெலன் மேலிடத்தோடு சண்டை பிடித்து அனுமதி வாங்கினாள். கிருஷ்ணராசாவிடம் இருந்த மூலத்தையும் அழிக்கச் சொல்ல ஜெயகௌரி மேல்மாடிக்கு ஏறினாள். அவர் அவளுக்கு முன்னாலேயே கணினியிலிருந்து அதை நீக்கினார். எடுத்துவிட்டு, "எடுத்திட்டன், பாருங்கோ," என்றார். கண் கலங்கியிருந்தது. வேறெங்கும் பிரதி இருக்கிறதா என்று அவள் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும் என்று பிறகு நினைத்தாள்.

நூலகத்துப் பிரதியை அழிக்கக் குறித்த நாளுக்கு முதல்நாள் குகதாசன் வந்தான். இந்தமுறை நல்ல உடுப்பு. கவுண்டரில் நிற்காமல் நேரே சின்ன அறைக்குள் போய் உட்கார்ந்தான்.

"அழிக்கப் போறியளாம்."

"ஓம் தம்பி. அவ கேட்டவ."

"அழிக்க முன்னம் எனக்கொரு கொப்பி தாங்கோ. அவவுக்குத் தெரிய வேண்டாம்."

"நீங்கள்தானே போட வேண்டாம் எண்டு சொன்னனீங்கள். அவ வந்து சொல்லட்டும் எண்டு."

"சொன்னா. ஆரணி செத்திட்டாள், கஞ்சிக்கு நிண்ட இடத்திலை எண்டு சொன்னா. ரெண்டு வசனம். அதுக்குப் பிறகு பிள்ளையின்ரை பேரை எடுத்தாலே போனை வைக்கிறா." அவன் ஜெயகௌரியின் பக்கம் திரும்பினான். "பிள்ளையை ஒரு வயசிலை விட்டிட்டு வந்தனான் அக்கா. எனக்கு அவளைத் தெரியாது. என்ன சாப்பிடுவாள், என்னத்துக்குச் சிரிப்பாள் ஒண்டும் தெரியாது. முன்பின் தெரியாத ஒரு ஆளுக்கு அவ்வளவு நேரம் பிள்ளையைப் பற்றிச் சொல்லியிருக்கிறா. எனக்கு ரெண்டு வசனம்."

"அது அவவின்ரை பேச்சு, தம்பி."

"பிள்ளை என்ரையும்தானே?"

சட்டத்தில் அதற்கு இடமில்லை என்பது மட்டும் ஜெயகௌரிக்குத் தெரிந்தது. ஏலாது என்றாள். அவன் கெஞ்சவில்லை. எழும்பிப் போனான். மறுநாள் காலையில் ஹெலனும் அவளும் ஒன்றாக உட்கார்ந்து அதை அழித்தார்கள். அழிப்பதற்கு முன் கடைசியாக ஒருமுறை கேட்கவேண்டும் போலிருந்தது. அவள் கேட்கவில்லை.

தை மாதத்தில், லூயிஷாம் சிவன் கோயிலில், பூசை முடிந்து சனம் கலைந்துகொண்டிருந்தபோது அவனைக் கண்டாள். சப்பாத்து மாட்டிக்கொண்டிருந்தவன் அவளைக் கண்டதும் நிமிர்ந்தான். கலாவதிக்கு விசாவுக்கு விண்ணப்பம் போட்டிருக்கிறது, கோடைக்குள் வந்துவிடுவாள் என்றான். நல்லது என்றாள் அவள். அவன் போகாமல் நின்றான்.

"நீங்கள் முழுக்கக் கேட்டனீங்கள்தானே அக்கா."

"ஓம்."

"அழிச்சது மெசினிலை. உங்களுக்கு மறந்திருக்காது." அவன் அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னான். "அவ அழுததை நான் கேக்கேல்லை. பிள்ளை என்னவும் செய்ததெண்டு ஏதும் சொன்னவவோ? ஒண்டு போதும். ஒண்டைச் சொல்லுங்கோ."

கோயில் வாசலில் குளிர் காற்று அடித்தது. சனம் அவர்கள் இருவரையும் சுற்றிக்கொண்டு தெருவில் இறங்கியது. தலையில் சட்டியைக் கவிழ்த்த பிள்ளை அவளுடைய நாக்கு நுனியில் நின்றது. ஒரு வசனம். கலாவதிக்கு ஒருநாளும் தெரியவராது. சொன்னால் இந்த மனிதன் இன்றைக்கு ஒரு தரமாவது சிரிப்பான்.

"அவ வரட்டும் தம்பி," என்றாள். "அது அவ எனக்கெண்டு சொன்ன கதை இல்லை."

குகதாசன் கொஞ்ச நேரம் காத்திருந்தான், அவள் மனம் மாறும் என்பதுபோல. பிறகு சரி அக்கா என்று சொல்லிவிட்டு, ஜாக்கெட்டின் சிப்பை இழுத்து மூடிக்கொண்டு, ரயில் நிலையப் பக்கம் நடந்தான். அவளும் அதே ரயிலைத்தான் பிடிக்க வேண்டும். அவன் ஏறிப் போகட்டும் என்று கோயில் வாசலிலேயே நின்றாள்.